வெள்ளை விரித்த மலை

டிசம்பர் 7, சனி

தமிழ்ப் பள்ளிப் பழைய மாணவர் கூட்டம். குளிர்காலத்துக்கு என்ன செய்யலாம் என்று பேச்சு. வழக்கம்போல மண்டபத்துக்குள் பட்மின்டன், பிறகு கொத்துரொட்டி, பிறகு வீடு. சன்னலுக்கு வெளியே மலைகள் நின்றுகொண்டிருந்தன. சுவிசுக்கு வந்து ஒரு தலைமுறையே முடிந்துவிட்டது; எங்கள் ஆட்கள் இன்னும் மலையைப் பால்பெட்டியில் உள்ள படத்தில்தான் பார்க்கிறார்கள். பொறுக்க முடியாமல் எழுந்து நின்றேன்.

"ஸ்டெர்னெக் மலைக்கு ஏறுவம். பனிச்சப்பாத்துக் கட்டிக்கொண்டு."

மண்டபம் சிரித்தது. றொபேட் அண்ணா, "தங்கச்சி, நான் மூண்டாம் மாடிக்கே லிஃப்டில போறவன்" என்றார். பரமலிங்கம் மாஸ்டர் கையை உயர்த்தியதும் சத்தம் அடங்கியது. பள்ளியைத் தொடங்கியவர் அவர். எனக்கு ஆனா ஆவன்னா எழுதப் பழக்கியவரும் அவர்தான்.

"எங்கட ஆக்களுக்கு உது ஒத்துவராது பிள்ளை. குளிர்."

"விடியப்புறம் எழும்பி வீடு வீடாப் பேப்பர் போடேக்க அந்தக் குளிர் ஒத்துவருதுதானே மாஸ்டர்?"

இந்த முறை சிரிப்பு என் பக்கம். அவரும் சிரித்தார். "வாய் கூடிப்போச்சு உமக்கு. சரி, நீரே ஒழுங்குபடுத்தும் அட்சயா. ஆண்டுமலருக்கு நல்ல படம் வேணும், நானும் வாறன். கெட்டிக்காரப் பிள்ளை."

கெட்டிக்காரப் பிள்ளை. வீடு வந்து சேரும்வரை அந்தச் சொல் கூடவே வந்தது. வரட்டும்.

(இதை ஜெர்மனில் எழுதிப் பார்த்தேன். ஜெர்மனில் என் கோபம் மரியாதை பழகிவிடுகிறது. தமிழே நல்லது.)

டிசம்பர் 8, ஞாயிறு

அம்மாவும் வர வேண்டும் என்று சொல்லிவிட்டேன்.

"நானோ? மலைக்கோ?" என்று கேட்டுவிட்டு அம்மா வெங்காயத்தைத் தொடர்ந்து வெட்டினார்.

அப்பாவுக்கு ஞாயிற்றுக்கிழமைகளில் உணவகத்தில் சமையல் வேலை. அவர் வர முடியாது. வர முடிந்தாலும் வரமாட்டார். "மாஸ்டர் குடும்பமும் வருது. அதுக்குள்ள அம்மாவை ஏன் இழுக்கிறாய்?" என்றார். அதற்குள் என்றால் எதற்குள் என்று கேட்டேன். உப்பு எங்கே என்று கேட்டார்.

அம்மா முதியோர் இல்லத்தின் சலவைப் பகுதியில் வேலை செய்கிறார். அது நிலத்தடியில் இருக்கிறது. தலைக்கு மேலே ஒரு சின்னச் சன்னல். அதில் தெரிவது ஸ்டெர்னெக்கின் முதுகு. நான் பிறப்பதற்கு முன்பிருந்தே அம்மா அந்த முதுகைப் பார்த்துக்கொண்டு இஸ்திரி போடுகிறார். கடைசி பஸ் நிறுத்தத்துக்கு மேலே ஒருநாளும் போனதில்லை.

டிசம்பர் 22, ஞாயிறு

பாதை பார்க்க றெகுலாவுடன் போனேன். றெகுலா எங்கள் விளையாட்டுச் சாமான் கடையில் என்னோடு வாடகைப் பகுதியில் நிற்பவள். நாள் முழுக்கப் பிறருடைய காலுக்குப் பனிச்சப்பாத்து கட்டிவிடுகிறோம்; எங்கள் காலில் கட்டுவது விடுமுறையில்தான். சப்பாத்துக்கு அடியில் பூட்டும் அகலமான பிளாஸ்டிக் தட்டு அது. அடியில் இரும்புப் பற்கள். கட்டிக்கொண்டால் இடுப்பளவு பனியிலும் புதையாமல் நடக்கலாம்.

கடைசி நிறுத்தத்திலிருந்து காடு. மரங்களுக்கிடையே இளஞ்சிவப்புக் கம்பங்கள் வழி காட்டும். காட்டுக்கு மேலே மாட்டுக்காரர்கள் கோடையில் தங்கும் குடில், இப்போது பூட்டிக் கிடக்கிறது. அதற்கப்பால் மரமே இல்லாத ஒரு பெரிய வெளி. வெளியின் முடிவில் பாறை விளிம்பும் உட்கார ஒரு மர வாங்கும். நிதானமாக ஏறினால் மூன்று மணி நேரம்.

வாங்கில் ஏறி நின்றேன். கீழே ஏரி ஒரு துண்டு இரும்பைப் போலக் கிடந்தது. எதிரே முழு மலைத்தொடரும். நான் சுலபத்தில் வாயடைத்துப் போகிறவள் இல்லை. வாயடைத்தேன். பிறகு முதியோர் இல்லத்தைத் தேடிக் கண்டுபிடித்தேன். தீப்பெட்டி அளவு.

அம்மா இங்கே நிற்க வேண்டும். இங்கே நின்று அந்தத் தீப்பெட்டியைப் பார்க்க வேண்டும்.

ஜனவரி 5, ஞாயிறு

மாஸ்டர் வரைபடம் பார்க்க வீட்டுக்கு வந்தார். நல்ல மனிதர்தான். கேள்வி கேட்டார், கேட்டதைக் குறித்துக்கொண்டார், "நீர் இல்லாட்டி எங்களுக்கு ஆர் உது சொல்லுவினம்?" என்றார். அம்மா நல்ல கோப்பையில் தேத்தண்ணியும், ஒரு தட்டில் பற்றிசும் கொண்டுவந்தார்.

"ஐயோ மலர், இப்பதான் குடிச்சிட்டு வாறன். சீனி வருத்தமும் கூடிப்போச்சு."

"சீனி போடாமல் கொண்டுவரட்டே மாஸ்டர்?"

"இல்லை இல்லை. வயிறு நிறைஞ்சு கிடக்கு."

இரண்டு மணி நேரம் இருந்து பேசினார். பேசப் பேச உதடு காய்ந்து நாக்கால் நனைத்துக்கொண்டார். அவர் போன பிறகு பார்த்தால் கழுத்துத்துண்டை மறந்துவிட்டிருந்தார். எடுத்துக்கொண்டு ரயில் நிலையத்துக்கு ஓடினேன். பெட்டிக்கடை வாசலில் நின்று காப்பி குடித்துக்கொண்டிருந்தார். சீனிப் பொட்டலம் இரண்டையும் ஒன்றாகக் கிழித்துக் கொட்டினார். துண்டைப் பக்கத்து வாங்கில் போட்டுவிட்டு, அவர் காணாமல் திரும்பிவிட்டேன்.

அப்பாவிடம் சொன்னேன். "அவருக்குச் சீனி வருத்தம், பாவம்" என்றார். சீனி கொட்டியதைக் கண்ணால் பார்த்தேன் என்றேன். தொலைக்காட்சியின் சத்தத்தைக் கூட்டினார்.

ஜனவரி 6, திங்கள்

அம்மா அந்தக் கோப்பையைக் கழுவி வைத்தார். ஒருவரும் வாய் வைக்காத கோப்பையில் கழுவ என்ன இருக்கிறது?

ஜனவரி 14, செவ்வாய்

மண்டபத்தில் பொங்கல். அம்மா வேலையிலிருந்து அனுமதி வாங்கிக்கொண்டு நேரத்தோடு போனார். கதிரை அடுக்கவிட்டார்கள். வெங்காயம் உரிக்கவிட்டார்கள். நிலம் துடைக்கவிட்டார்கள். பானைப் பக்கம் போனபோது ஒரு அன்ரி, "நீங்கள் இருங்கோ மலர், களைச்சுப்போனியள்" என்று அகப்பையை வாங்கிக்கொண்டார். எவ்வளவு கரிசனை.

சுற்றிச் சுற்றி எழுதியது போதும். இது சாதி.

அம்மாவின் தகப்பன் ஊரில் மற்றவர்களுடைய துணி வெளுத்தவர். கல்யாணம் என்றால் பந்தலுக்கு வெள்ளைத் துணி கட்டுவார். மாப்பிள்ளை வீட்டார் நடந்து வர நிலத்தில் வெள்ளை விரிப்பார். அவர்கள் நடந்து முடிந்ததும் சுருட்டி எடுத்துக்கொண்டு பின்பக்கத்தால் போவார். அவருடைய மகள் இன்று ஒரு முதியோர் இல்லத்தின் சலவைப் பகுதிக்குப் பொறுப்பாளர். அவருக்குக் கீழே ஆறு பேர். நாலு பேர் வெள்ளைக்காரர். அவர்கள் அம்மா ஊற்றும் தேத்தண்ணியை வரிசையில் நின்று குடிக்கிறார்கள். எங்கள் ஆட்களுக்குத்தான் தாகமே எடுப்பதில்லை.

அகதி அட்டையோடு வந்தவர்கள். எல்லாவற்றையும் விட்டுவிட்டு ஓடிவந்தோம் என்று மேடையில் அழுகிறார்கள். எல்லாவற்றையும் விடவில்லை.

ஜனவரி 18, சனி

இரவு நல்ல பனி. குடியிருப்புக்குப் பின்னால் அம்மாவுக்குப் பயிற்சி. என் பழைய பனிக்காற்சட்டையை மாட்டிக்கொண்டு அம்மா வெளியே வந்ததும், நாயோடு போன கிழவர் ஒருவர் தொப்பியைத் தூக்கி வணங்கினார். அம்மாவும் தடியைத் தூக்கி வணங்கினார்.

ஆனால் பனிச்சப்பாத்தோடு நடந்தது எங்கே? துப்புரவாக்கிய சீமெந்துப் பாதையில். இரும்புப் பல் கீறிக் காது கூசியது.

"அம்மா, அங்கால வாங்கோ. பனிக்கு மேல."

"அது ஒருத்தரும் மிதிக்காமல் வடிவாக் கிடக்கு. ஏன் பழுதாக்குவான்?"

"மிதிக்கத்தானே இந்தச் சப்பாத்து!"

கத்திவிட்டேன். கத்தும்போதே நினைவு வந்தது: அம்மா பனியில் குறுக்கே நடந்து நான் பார்த்ததே இல்லை. பஸ் போய்விடும் என்றாலும் பாதையைச் சுற்றித்தான் ஓடுவார். விழுந்துவிடும் பயம் என்று நினைத்திருந்தேன்.

அம்மா தடியை ஊன்றிக்கொண்டு சிரித்தார். சிரித்துக்கொண்டேதான் சொன்னார். "சின்னனில ஒருக்கா ஐயா கலியாணவீட்டில வெள்ளை விரிச்சுக்கொண்டு போனார். நான் பின்னால போய் விளையாட்டுக்கு அதில ரெண்டு அடி வச்சிட்டன். எனக்கு அடி விழுந்துது பார். அடிச்சது அந்த வீட்டுக்காரர் இல்லை. ஐயாதான். அவையள் பார்க்கவேணும் எண்டு அடிச்சவர். பேந்து வீட்டை போய் எண்ணெய் பூசிவிட்டவர்."

நான் தடியால் பனியைக் குத்திக்கொண்டு நின்றேன்.

"சரி, மூஞ்சியைத் தூக்கி வச்சிருக்காதை. நீ முன்னுக்கு நட. நான் உன்ர அடியில வாறன்."

நான் நடந்தேன். என் தடத்தை விட்டு ஒரு விரல்கூட விலகாமல் அம்மா பின்னால் வந்தார். வாத்து நடை. ஆனால் ஒருமுறையும் விழவில்லை.

ஜனவரி 26, ஞாயிறு

ஒன்பது பேர் உறுதி: நானும் அம்மாவும், மாஸ்டர், அவர் மனைவி சுகிர்தா அன்ரி, அவர்கள் மகளும் என் வகுப்புத் தோழியுமான நிலக்ஷி, றொபேட் அண்ணா, பள்ளி நண்பர்கள் மூவர்.

குழுவுக்கு அறிவித்தல் அனுப்பினேன். பருத்தி உடுப்பு வேண்டாம்; வியர்த்தால் ஈரம், நின்றால் நடுக்கம். வெயில் கண்ணாடி கட்டாயம். காலையில் புட்டு வேண்டாம். (றொபேட் அண்ணா: "புட்டு இல்லாட்டி மலை எதுக்கு?") தண்ணீர்ப் போத்தல் ஒருவரும் கொண்டுவர வேண்டாம், உறைந்துவிடும், வீண் பாரம். பெரிய ஃபிளாஸ்க் ஒன்று நான் கொண்டுவருகிறேன், எல்லோருக்கும் இஞ்சித் தேத்தண்ணி. கோப்பைகளும் வேண்டாம், ஃபிளாஸ்க்கின் மூடியே போதும். குப்பை சேராது. மலையில் பாரம் குறைவாக இருப்பதுதான் முக்கியம்.

மாஸ்டர் கேட்டிருந்தார்: "தேத்தண்ணி ஆர் போடுறது?"

"ஒழுங்கு பண்ணியாச்சு மாஸ்டர்" என்று பதில் போட்டேன்.

கடையில் வாடிக்கையாளர்களுக்கு ஆளுக்கொரு ஃபிளாஸ்க் என்றுதான் சொல்வோம். அது கடை. விற்க வேண்டும்.

பெப்ரவரி 1, சனி

நாளைப் பயணம் இல்லை. பனிச்சரிவு எச்சரிக்கை ஒரு படி உயர்ந்துவிட்டது. எங்கள் பாதை பாதுகாப்பானதுதான், ஆனாலும் நான் ஒத்திவைத்தேன். என் பொறுப்பில் வருகிறவர்கள். குழுவில் உடனே ஒருவன், "பார்த்தியளோ, எங்கட ஆக்களுக்குச் சரிவராது" என்று எழுதினான். வராதவன்தான் அதிகம் எழுதுகிறான்.

சுகிர்தா அன்ரி தொலைபேசியில்: "அடுத்த ஞாயிறு நல்லம் பிள்ளை. ராகு காலம் பின்னேரம்தான். அதுக்குள்ள இறங்கிடுவம்தானே?"

பெப்ரவரி 8, சனி

நாளை வானம் திறந்திருக்கும். எச்சரிக்கை இறங்கிவிட்டது.

பின்னேரம் அம்மா இஞ்சி தட்டிக்கொண்டே கேட்டார். "ஏன் அட்சயா ஒரே ஒரு ஃபிளாஸ்க்?"

பாரம் என்றேன். குப்பை என்றேன். பாரம் என்று இன்னொருமுறையும் சொன்னேன்.

"ம்" என்றார். பிறகு உடுப்பை மாற்றிக்கொண்டு, கடை பூட்டமுதல் ஒருக்காப் போயிட்டு வாறன் என்று வெளியே போனார். என்ன வாங்கினார் என்று கேட்க நேரமில்லை. ஒன்பது சோடிப் பனிச்சப்பாத்துகளின் பட்டிகளையும் சரிபார்க்க வேண்டியிருந்தது.

பெப்ரவரி 9, ஞாயிறு

கை இன்னும் விறைப்பு. ஆனாலும் எல்லாவற்றையும் இன்றே எழுதிவிட வேண்டும்.

கடைசி பஸ் நிறுத்தத்தில் இறங்கியதும் சுகிர்தா அன்ரி பையைத் திறந்தார். தேசிக்காய். புதுக் கார் வாங்கினால் சில்லுக்கு அடியில் வைத்து நசிப்பதுபோல, ஒவ்வொருவருடைய பனிச்சப்பாத்துக்கு அடியிலும் ஒன்று வைத்தார். பக்கத்தில் நின்ற வெள்ளைக்காரக் குடும்பம் தங்கள் பிள்ளையின் பட்டியைக் கட்டுவதை நிறுத்திவிட்டுப் பார்த்தது. நான் தலையில் அடித்துக்கொண்டேன். றொபேட் அண்ணா முழுப் பலத்தோடு மிதித்தார். தேசிக்காய் நசியவில்லை, இரும்புப் பல்லில் குத்தி நின்றது. அதைக் கழற்றுவதற்காக ஒற்றைக் காலில் துள்ளி, புறப்படுவதற்கு முன்னமே விழுந்தார்.

"ஆண்டவரே, எனக்கு ஏன் உங்கட திருஷ்டி? நான் வேதக்காரன்!"

அந்த வெள்ளைக்காரப் பிள்ளை வந்து தனக்கும் ஒன்று கேட்டது. அன்ரி கொடுத்தார். பையில் இரண்டு மிச்சம்.

காட்டுக்குள் நான் முன்னே, அம்மா என் தடத்தில், மற்றவர்கள் பின்னால். மான்கள் குளிருக்கு ஒதுங்கும் இடம், சத்தம் போடாதீர்கள் என்று பலகை இருந்தது. அதை நான் எல்லோருக்கும் வாசித்துச் சொன்னேன். அதன் பிறகு காட்டில் கேட்டது பனி நெரியும் சத்தமும், "மானுக்கு நாங்கள் வாறது தெரியுமோ?" என்று றொபேட் அண்ணா கிசுகிசுக்கும் சத்தமும்தான்.

குடிலுக்குக் கிட்ட மாஸ்டர் பின்தங்கினார். முகம் சிவந்து, மூச்சு வாங்கியது. ஒரு பட்டி கழன்றிருந்தது. நான் அவர் முன்னால் முழங்காலில் இருந்து இறுக்கிக் கட்டினேன். விழாமலிருக்க என் தோளில் கையை ஊன்றிக்கொண்டார். நல்ல பாரமான கை.

"தண்ணி ஏதும் இருக்கோ பிள்ளை?"

"மேல போய்த்தான் மாஸ்டர். தேத்தண்ணி."

அவர் தலையை ஆட்டினார். குனிந்து ஒரு பிடி பனியை வாயில் போட்டுக்கொண்டார். பனி தின்றால் தாகம் கூடும், உடம்பு குளிரும் என்று நான் சொல்லியிருக்க வேண்டும். அடுத்தவரின் பட்டியைப் பார்க்கப் போய்விட்டேன். தோளில் கை வைக்கலாம். கோப்பையில் வாய் வைக்கக் கூடாது. இதைத்தான் நினைத்துக்கொண்டு போனேன்.

குடிலைத் தாண்டியதும் அந்த வெளி. இரவு விழுந்த பனி பழைய தடங்களையெல்லாம் மூடியிருந்தது. விளிம்புவரை ஒரு சுருக்கம் இல்லை, ஒரு கறை இல்லை. இஸ்திரி போட்டு விரித்தது போல. வெயில் பட்டுக் கண் கூசியது.

நான் ஒதுங்கி நின்றேன். "அம்மா, இனி நீங்கள் முன்னுக்கு."

"எனக்கு வழி தெரியாதே."

"நேர. அங்க வாங்கு தெரியுது பாருங்கோ."

அம்மா வெளியைப் பார்த்தார். நன்றாக நேரமெடுத்துப் பார்த்தார். பிறகு பின்னால் திரும்பி வரிசையைப் பார்த்தார்: என்னை, நண்பர்களை, றொபேட் அண்ணாவை, நிலக்ஷியை, அன்ரியை, மாஸ்டரை.

"ஆர் விரிச்சதோ தெரியாது. நல்லா வெளுத்திருக்கினம்" என்றார்.

ஒருவருக்கும் விளங்கவில்லை. எனக்கு விளங்கியது. மாஸ்டருக்கும் விளங்கியிருக்கும், அவரும் அதே ஊர்தான்.

அம்மா காலைத் தூக்கி வைத்தார். அடுத்த கால். பனி மெல்ல அமுங்கி அவரைத் தாங்கியது. பத்தடி போனதும் முதுகு நிமிர்ந்துவிட்டது. வாத்து நடையைக் காணவில்லை. அவசரப்படவில்லை, திரும்பிப் பார்க்கவில்லை, வெளியின் நட்டநடுவால் போனார். அவர் அடியில் அடி வைத்து நாங்கள் எல்லோரும் போனோம். மாஸ்டரும்தான். வேறு வழியில்லை, அந்த வெள்ளையில் அது ஒன்றுதான் பாதை.

என் வாழ்க்கையில் எத்தனையோ மேடையில் ஏறிப் பரிசு வாங்கியிருக்கிறேன். இதற்குக் கிட்டவும் வராது.

விளிம்பில் ஏரியையும் மலைகளையும் பார்த்து எல்லோரும் கத்தினார்கள், படம் எடுத்தார்கள். அம்மா தீப்பெட்டியைத் தானே கண்டுபிடித்தார். "அந்தா என்ர சன்னல்" என்றார். "அதுக்குள்ளயிருந்து பார்க்க இது பெரிய மலையாத் தெரியும்."

பிறகு காற்று எழுந்தது. எல்லோரும் விளிம்பை ஒட்டிய பாறையின் மறைவுக்கு ஒதுங்கினோம். ஃபிளாஸ்க்கை எடுத்தேன். இஞ்சி மணம் எழுந்ததும் எல்லோருடைய முகமும் என் பக்கம் திரும்பியது. மூடியில் ஊற்றி முதலில் அம்மாவிடம் கொடுத்தேன். அம்மா குடித்தார். அடுத்து றொபேட் அண்ணா, அடுத்து நண்பர்கள். கொதிக்கிற தேத்தண்ணியை அண்ணாந்து குடிக்க முடியாது. உதடு பட்டே ஆக வேண்டும். மூடி ஒவ்வொரு ஆளாக மாஸ்டரை நோக்கிப் போனது. நான் அவருடைய முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். கைகளைக் கக்கத்துக்குள் வைத்துக்கொண்டு நடுங்கினார். வழக்கமான சொற்களைத் தேடுகிறார் என்று தெரிந்தது. இந்த மலையில் எங்கே குடித்துவிட்டு வந்தேன் என்று சொல்வார்?

அப்போது அம்மா எழுந்தார். தன் பையிலிருந்து ஒரு சின்ன ஃபிளாஸ்க்கை எடுத்தார். புதியது, அடியில் எங்கள் கடையின் விலைச்சீட்டு. நேரே மாஸ்டர் முன்னால் போய் நீட்டினார்.

"மாஸ்டர், இது வெறும் சுடுதண்ணி. புதுப் ஃபிளாஸ்க். ஒருத்தரும் வாய் வைக்கேல்லை. நீங்கள் குடியுங்கோ."

குரலில் கோபம் இல்லை. நோயாளிக்கு மருந்து கொடுப்பது போல. ஆனால் எல்லோருக்கும் கேட்கிற மாதிரி.

என்னைப் பிடித்து உலுக்க வேண்டும் போலிருந்தது. எவ்வளவு பாடுபட்டு இந்த இடம்வரை கொண்டுவந்தேன்! கடைசி நிமிடத்தில் கதவைத் திறந்துவிட்டுவிட்டாரே! "அம்மா!" என்றேன்.

அம்மா என்னைத் திரும்பிப் பார்த்தார். "ஆரையும் மலையில வச்சு மடக்கிறதுக்கு நான் தேத்தண்ணி போடேல்லை" என்றார். அவ்வளவுதான்.

றொபேட் அண்ணா முதல்முறையாக ஒரு பகிடியும் விடவில்லை. தன் தடியின் நுனியைப் பார்த்துக்கொண்டிருந்தார். இத்தனை வருடமாகச் சீனி என்றும் வயிறு நிறைவு என்றும் மூடி வைத்திருந்தது, பட்டப்பகலில் பனிக்கு நடுவே வந்து உட்கார்ந்துவிட்டது. மாஸ்டர் அந்த ஃபிளாஸ்க்கை வாங்கினார். வாங்காமல் என்ன செய்வார்? மடியில் வைத்துக்கொண்டார். திறக்கவில்லை.

முதலில் அசைந்தது சுகிர்தா அன்ரி. மூடி அப்போது நண்பன் ஒருவனின் கையில் இருந்தது. அதை வாங்கிக்கொண்டு அம்மாவின் பக்கத்தில் வந்து அமர்ந்தார்.

"மலர், எனக்கு ஊத்துமன்."

அம்மா பெரிய ஃபிளாஸ்க்கை என்னிடமிருந்து வாங்கி ஊற்றினார். அன்ரி மிச்சமிருந்த தேசிக்காய் ஒன்றை என் கத்தியால் வெட்டி அதற்குள் பிழிந்தார். "நானும் உங்கட வீட்டை எத்தினை தரம் வந்திட்டன். 'நாங்கள் குடிச்சிட்டம்' எண்டு இவர் எனக்கும் சேர்த்துச் சொல்லிப்போடுவார். நான் ஒருநாளும் குடிச்சிட்டு வந்ததில்லை."

ஒரே மூச்சில் குடித்தார். நாக்கு வெந்திருக்கும். "இன்னும் கொஞ்சம்" என்று நீட்டினார். பிறகு நிலக்ஷி குடித்தாள். தகப்பனைப் பார்க்காமல், என்னையும் பார்க்காமல், அழுதுகொண்டு குடித்தாள். "காத்து, கண்ணுக்க அடிக்குது" என்றாள்.

"அடிக்கும், அடிக்கும்" என்றார் றொபேட் அண்ணா.

இறங்குமுன் அம்மா தன்னைத் தனியாக ஒரு படம் எடுக்கச் சொன்னார். வாங்கில் ஏறி நின்று, இரண்டு கையையும் இடுப்பில் ஊன்றினார். சிரிக்கச் சொன்னேன். "ஏன் சிரிக்கவேணும்? நிக்கிறன், எடு" என்றார். ஆண்டுமலரில் எந்தப் படம் போடுவார்களோ எனக்குக் கவலையில்லை. என் சுவரில் இதுதான்.

இறங்கும்போது மாஸ்டர் எல்லோருக்கும் பின்னால் வந்தார். பஸ் நிறுத்தத்தில் அம்மாவிடம் வந்து, ஃபிளாஸ்க்கை இரண்டு கையாலும் நீட்டினார். "நன்றி மலர்" என்றார். குரல் கரகரத்தது. உதடு வெடித்திருந்தது. அம்மா வாங்கும்போது கை தாழ்ந்ததிலேயே பாரம் தெரிந்தது: நிறைந்திருந்தது. ஒரு சொட்டும் குடிக்கவில்லை. வெட்கமா, அல்லது புதுப் ஃபிளாஸ்க்கானாலும் எங்கள் வீட்டுத் தண்ணீர் என்பதாலா? எனக்குத் தெரியாது. அவருக்கே தெரியுமோ என்னவோ.

பஸ்ஸில் அம்மா அதைத் திறந்தார். ஆவி வந்தது. மூடியில் ஊற்றி ஊதி ஊதிக் குடித்தார்.

"இன்னும் சுடுது. நல்ல சாமான். வேலைக்குக் கொண்டுபோகலாம்."

கொஞ்ச தூரம் போனபின், குரலைத் தாழ்த்தி, "உன்ர கடையிலதான் வாங்கினனான்" என்றார். "உன்ர சிநேகிதி றெகுலாதான் எடுத்துத் தந்தவ. பனிக்குப் போறதெண்டால் ஆளுக்கொண்டு கட்டாயம் வேணுமாம். அட்சயாதான் எல்லாருக்கும் வடிவா விளங்கப்படுத்துறவ எண்டு சொன்னவ."

நான் சன்னலுக்கு வெளியே பார்த்தேன். ஸ்டெர்னெக்கில் வெயில் இறங்கிக்கொண்டிருந்தது. அம்மா மூடியில் மறுபடி ஊற்றி என்னிடம் நீட்டினார். குடித்தேன்.

பெப்ரவரி 10, திங்கள்

குழுவில் நாற்பது செய்தி. எழுதியவர்கள் எல்லோரும் வராதவர்கள். அடுத்த மலை எது என்று கேட்கிறார்கள். சுகிர்தா அன்ரி ஒரு படம் மட்டும் போட்டிருக்கிறார்: வாங்கின் மேல் அம்மா. நிலக்ஷிதான் எடுத்திருக்க வேண்டும், நான் எடுத்த கோணம் இல்லை. மாஸ்டரிடமிருந்து ஒன்றுமில்லை.

அப்பா அந்தப் படத்தைக் காலையிலிருந்து திறந்து திறந்து பார்க்கிறார். என்னைக் கண்டால் மூடிவிடுகிறார்.

இரவு இங்கேயும் பனி கொட்டியிருந்தது. காவலாளி விடிய எழும்பிப் பாதையைச் சுத்தமாக வழித்துவிட்டிருந்தார். நான் மூன்றாம் மாடிச் சன்னலில் நின்று பல் தீட்டிக்கொண்டிருந்தபோது அம்மா வேலைக்குப் புறப்பட்டார். தோளில் பை, கையில் புதுப் ஃபிளாஸ்க். வாசலில் ஒரு கணம் நின்றார். பஸ்ஸுக்கு நிறைய நேரம் இருந்தது. பாதையில் ஒரு தூசு பனியில்லை.

அம்மா பாதையை விட்டு இறங்கி, புல்வெளியின் நடுவால், குறுக்கே நடந்து போனார்.